கதவுக் கண்ணாடியும் முன் கண்ணாடியும்

சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகும் ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து காரின் முன் கண்ணாடியில் படுகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. தெருவோரம் நிறுத்திய இன்னொரு காரில், பையைத் திருட வந்தவன் கதவுக் கண்ணாடியை ஒரே தட்டில் உடைக்கிறான். அங்கே கண்ணாடி என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. இருக்கையிலும் தரையிலும் கல்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிக் கிடக்கிறது.

இரண்டு வண்டிகளும் ஒரே வகைக் கடைக்குத்தான் போகும். இரண்டு சொந்தக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும்? ஆனால் இரண்டு வேலைகளும் வேறு வேறு. நான் கவனித்தவரையில் நம்மவர்களின் அவசரமும் நிதானமும் இடம் மாறிப்போகின்றன. கதவுக் கண்ணாடி போனவர் நான்கு கடையில் விலை விசாரித்துக்கொண்டு, ஓட்டைக் கதவோடு நாட்களைக் கடத்துகிறார். முன் கண்ணாடியை மாற்றக் கொடுத்தவர், “ராத்திரி ஊருக்குக் கிளம்பணும், சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க” என்று நெருக்குகிறார். கதவுக் கண்ணாடிக்கு அன்றே ஓடவேண்டும். முன் கண்ணாடி பொருத்திய வண்டியைப் பொறுமையாக நிறுத்தி வைக்கவேண்டும். ஏன் என்பதற்கு அந்தக் கண்ணாடிகளின் பிறப்பிலிருந்தே தொடங்கவேண்டும்.

கதவில் இருப்பது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. கண்ணாடியை அளவுக்கு வெட்டி, துளையிட்டு, விளிம்பு தேய்த்து முடித்த பிறகு 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி வளைக்கிறார்கள். பிறகு இரண்டு பக்கமும் குளிர்காற்றை வேகமாகப் பீய்ச்சி ஆற்றுகிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி அதற்குப் பிறகுதான் ஆறிச் சுருங்கப் பார்க்கும். முன்பே இறுகிவிட்ட மேற்பரப்பு அதை விடாது. இந்த இழுபறி அந்தக் கண்ணாடிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது: வெளிப்பக்கம் அமுங்கியும் உள்பக்கம் இழுபட்டும் நிற்கும். அமுங்கிய பரப்பில் கீறல் எளிதில் வாய் திறக்காது என்பதால் சாதாரணக் கண்ணாடியைவிட இதற்கு நான்கைந்து மடங்கு வலிமை. ஆனால் கடினமான ஒரு கூர்முனை அந்த அமுங்கிய அடுக்கைத் தாண்டி உட்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைபட்டிருந்த விசை முழுவதும் அந்த நொடியிலேயே வெளிப்படும். விரிசல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். மழுங்கிய சிறு துண்டுகளாக அது உதிர்வதற்கு இதுதான் காரணம். கத்தி போன்ற நீளச் சில்லுகள் உருவாவதில்லை. சிராய்ப்பு உண்டு, கழுத்து அறுபடும் ஆபத்து குறைவு.

இந்தக் குணம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் வியப்பாகப் பேசப்பட்டது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வால் முளைத்த ஒரு துளி கிடைக்கும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் முழுத் துளியும் பொடியாகிவிடும். இளவரசர் ரூபர்ட்டின் துளிகள் என்று பெயர் பெற்ற இவற்றை ராபர்ட் ஹூக் 1665இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். இதைப் பயன்படுத்தும் வழி தெரிய இரண்டு நூற்றாண்டு ஆனது. பிரான்சின் டி லா பஸ்தி என்பவர் 1874இல், சூடான கண்ணாடியை எண்ணெய், கொழுப்புக் குளியலில் முக்கி இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெயின் இடத்துக்குப் பின்னர் காற்று வந்தது. தத்துவம் அதேதான்.

முன் கண்ணாடியின் கதை வேறு. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. அது விரிசல் விட்டதே தவிர, துண்டுகள் பிரியவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, குடுவையின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். 1909இல் அவர் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலத்தை வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் இந்தக் கண்ணாடி விஷவாயு முகமூடிகளின் கண் வில்லைகளாகப் பயன்பட்டது. கார்களுக்குப் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். பழைய படலம் வெயிலில் மஞ்சள் பூத்துவிடும் என்ற குறை இருந்தது. 1930களில் பாலிவினைல் புட்டிரால் என்னும் நெகிழ்வான படலம் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. இன்று ஒரு காரின் முன் கண்ணாடி என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடிகளும், நடுவில் முக்கால் மில்லிமீட்டர் படலமும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கப்பட்ட பொருள். கண்ணாடி உடையலாம். படலம் விடாது. கல் உள்ளே வராது; உள்ளே இருப்பவரும் வெளியே வீசப்படமாட்டார்.

அவ்வளவு வலிமையான டெம்பர்டு கண்ணாடியை முன்னாலும் போட்டால் என்ன? போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1970கள் வரையிலும்கூடப் பல கார்களின் முன் கண்ணாடி டெம்பர்டாகத்தான் இருந்தது. கல் பட்டால் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளையாகிவிடும். பாதை தெரியாது. ஓட்டுநர் முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டவேண்டும். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி முன் கண்ணாடி இப்படி நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையாகத்தான் இருக்கவேண்டும் என்கிறது. பார்வை மறையாமல் இருப்பது அங்கே முதல் தேவை. கதவில் தேவை வேறு: கண்ணாடி ஏறி இறங்கவேண்டும், கதவை அறைந்து சாத்தினாலும் தாங்கவேண்டும், ஆபத்தில் உடைத்துக்கொண்டு வெளியேறவும் முடியவேண்டும். சூடேற்றும் கோடுகள் ஓடும் பின் கண்ணாடியும் பொதுவாக டெம்பர்டுதான். அதுவும் உடைந்தால் மொத்தமாகக் கொட்டும்.

இனி, உடைந்த பிறகு.

கதவுக் கண்ணாடி நொறுங்கிய வண்டியைப் பார்த்ததும் கை தானாகவே துண்டுகளை வாரப் போகும். முதலில் படம் எடுக்கவேண்டும்: வெளியிலிருந்து நம்பர் பிளேட்டோடு, உள்ளே துண்டுகள் கிடக்கும் நிலையில், கல்லோ கம்பியோ கிடந்தால் அதையும். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்கி வைக்கவேண்டும். காப்பீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம். ரசீது கையில் இல்லாவிட்டால் யோசிக்கவே வழியிருக்காது.

அடுத்தது, அந்தக் கதவின் பவர் விண்டோ பொத்தானைத் தொடாமல் இருப்பது. பாதிக் கண்ணாடி சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மீதி கதவின் வயிற்றுக்குள் விழுந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் அந்தத் துண்டுகள் கண்ணாடியைத் தூக்கும் மெஷினின் பல்லிலும் கம்பியிலும் சிக்கும். கண்ணாடிக்கு மட்டும் ஆகவேண்டிய செலவோடு மெஷின் செலவும் சேர்ந்துகொள்ளும். கையுறை போட்டு, தொங்கும் துண்டுகளை உள்பக்கமாகத் தட்டாமல் வெளிப்பக்கம் விரித்த ஒரு பழைய போர்வையில் விழும்படி எடுக்கவேண்டும். பிறகு வேக்குவம் க்ளீனர். துடைப்பமும் ஈரத்துணியும் பொடியை இருக்கைத் துணிக்குள் இன்னும் ஆழமாகத்தான் தள்ளும். இருக்கை நகரும் தண்டவாளம், சீட் பெல்ட் பூட்டு, பின் இருக்கையின் மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலும் துண்டுகள் ஒளிந்திருக்கும். பின்னால் குழந்தை இருக்கை இருந்தால் அதன் உறையைக் கழற்றி, உதறி, இழுத்துச் சுத்தம் செய்யாமல் குழந்தையை உட்காரவைக்கக் கூடாது. இதில் சமரசமே கிடையாது.

ஓட்டையை மூட கனமான பாலித்தீன் தாள் போதும். கதவைத் திறந்து, தாளைச் சட்டத்தின் மேல் உள்ளும் வெளியுமாகப் போர்த்திக் கதவைச் சாத்தினால், கதவின் ரப்பரே அதைப் பிடித்துக்கொள்ளும். டேப் கொஞ்சமாகத்தான் வேண்டியிருக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெயின்ட் மேல் பேக்கிங் டேப்பை ஒட்டி இரண்டு நாள் விட்டால் அதன் பசை பெயின்டோடு போராடவைக்கும். தாள் போர்த்திய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மழை வந்தால் தண்ணீர் ஸ்விட்சுகளுக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் இறங்கும். திருடனுக்கோ கதவு திறந்தே இருக்கிறது. ஐப்பசியில் சென்னையில் இந்த நிலைமை வந்தால் அன்றைக்கே கடைக்குப் போவதைவிட வேறு யோசனை எனக்குத் தெரியாது.

முன் கண்ணாடியில் கல் பட்டவர் செய்யவேண்டியவை இதைவிட மிகக் குறைவு. அந்தக் குறைவான வேலையையே நாம் விட்டுவிடுகிறோம். புள்ளியின் மேல் உடனே ஒரு துண்டு தெளிவான டேப்பை ஒட்டவேண்டும். வெளிக் கண்ணாடியில் விழுந்த சிறு குழிக்குள் தூசியும் ஈரமும் புகாமல் இருந்தால்தான் பிறகு ரெசின் ஊற்றி அடைக்கமுடியும். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஏ.சி.யின் குளிர்காற்றை நேராகக் கண்ணாடிக்குத் திருப்பக் கூடாது. ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் விரிந்து நிற்கும்போது புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பி ஒரு சாண் ஓடிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியை வாட்டர் வாஷ் செய்யக் கொடுத்து, புள்ளியோடு போன கண்ணாடியைக் கோட்டோடு திரும்ப வாங்கியவர்கள் உண்டு.

புள்ளி சிறியதாக, ஓட்டுநரின் நேர்ப் பார்வைக்கு வெளியே, விளிம்பிலிருந்து தள்ளி இருந்தால் மாற்றவேண்டியதில்லை. வெற்றிடம் உண்டாக்கிக் காற்றை உறிஞ்சி, ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுகச் செய்வார்கள். தழும்பு லேசாகத் தெரியும். விரிசல் பரவுவது நிற்கும். விளிம்பைத் தொட்ட விரிசலுக்கு இது உதவாது. விளிம்பில்தான் கண்ணாடிக்குச் சுமை அதிகம். கதவுக் கண்ணாடிக்கு இப்படிப் பழுதுபார்க்கும் வழியே கிடையாது. இருந்தால் முழுதாக இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

மாற்றும் வேலையில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன.

டெம்பர்டு கண்ணாடியைச் செய்து முடித்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. கத்தி பட்டதும் நொறுங்கும். அதனால் அந்த மாடலுக்கு, அந்தக் கதவுக்கு என்று செய்த கண்ணாடியே வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கேட்டால் ஓடும் மாடல்களுக்குக் கிடைத்துவிடும். பழைய மாடல் என்றால் கழற்றிய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. கழற்றிய வண்டியின் கதவுக் கண்ணாடியை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கீறலும் விளிம்பில் சிதைவும் இல்லையென்றால் அது புதியதற்குச் சமம்தான். கதவுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பொருள் அது. அதைக் கழற்றும்போது எதையும் அறுக்கவேண்டியதில்லை.

பொருத்துவதும் கைவேலைதான். ஸ்குரூக்களைக் கழற்றி, கிளிப்புகளை உடைக்காமல் விடுவித்து, கதவின் உள்மூடியான டோர் பேடை எடுக்கிறார்கள். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பாதி உரிக்கிறார்கள். கதவின் வயிற்றில் கிடக்கும் துண்டுகளை உறிஞ்சி எடுத்து, புதுக் கண்ணாடியை மேலிருந்து சாய்வாக இறக்கி, மெஷினோடு போல்ட் போட்டு, ரப்பர் சேனலுக்குள் ஏற்றிப் பார்க்கிறார்கள். கைதேர்ந்தவருக்கு ஒன்றிரண்டு மணி நேர வேலை. முடிந்த உடனே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம்.

இதில் சோம்பலுக்கு இடம் கொடுப்பது அந்தத் துண்டுகளை எடுக்கும் வேலைதான். கதவின் அடிவிளிம்பில் மழைத் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. எடுக்காமல் விட்ட துண்டுகள் அங்கே போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். ரப்பர் சேனலில் ஒரு துண்டு மாட்டியிருந்தால் புதுக் கண்ணாடியில் முதல் நாளே நீளமாகக் கீறல் விழும். உரித்த பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் பேடை மூடிவிட்டால் அடுத்த மழையில் கால் வைக்கும் இடம் நனையும். வண்டியை எடுக்கும்போது கதவை ஒரு முறை திறந்து சாத்திப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பேடைத் திரும்பக் கழற்றச் சொல்லலாம். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முன் கண்ணாடியில் இப்படிச் சத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எதுவும் இல்லை. வேலை மோசமாக நடந்திருந்தாலும் கண்ணாடி பளிச்சென்று நிற்கும். எனக்குக் கவலை அதில்தான்.

அம்பாசடர் காலத்தில் முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் நின்றது. பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, கண்ணாடியைச் சட்டத்தின் மேல் அமர்த்தி, உள்ளேயிருந்து கயிற்றை உருவிக்கொண்டே வந்தால் ரப்பரின் உதடு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். அப்போதே வண்டியை எடுக்கலாம். அந்தக் காலத்துப் பழக்கம்தான் இன்றும் ‘ஒரு மணி நேர வேலை’ என்ற எதிர்பார்ப்பாக நம்மிடம் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைய காரில் முன் கண்ணாடி உடலோடு யூரித்தேன் பசையால் ஒட்டப்பட்டது. அது உடலின் ஓர் உறுப்பு. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. பயணி பக்க ஏர்பேக் பல கார்களில் டாஷ்போர்டின் மேலிருந்து கிளம்பி, முன் கண்ணாடியில் முட்டி, அதையே முட்டுக்கொடுத்து ஆளை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி பிடி விட்டுப்போனால் ஏர்பேக் ஆளைத் தாங்காமல் வெளியே பிதுங்கும். 2021 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது மாடல்களில் அந்த ஏர்பேக் கட்டாயம். ஒட்டும் வேலையின் தரம் ஆளின் உயிர் சம்பந்தப்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

நல்ல கடையில் வேலை எப்படி நடக்கிறது என்று நின்று பார்க்கலாம். வைப்பர், அடிப்பகுதியின் பிளாஸ்டிக் மூடி, ஓரப் பட்டைகளை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியாலோ கத்தியாலோ பழைய பசையை அறுத்துக் கண்ணாடியை எடுப்பார்கள். சட்டத்தில் பழைய பசையை முழுதாகச் சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராகச் செதுக்கி விடவேண்டும், புதுப் பசைக்கு அதுவே நல்ல தளம். கத்தி பட்டு பெயின்ட் போன இடத்துக்குப் பிரைமர் பூசவேண்டும். விட்டால் அங்கே துரு கிளம்பி, பசையை அடியிலிருந்தே பெயர்க்கும். புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைத் துடைத்து, அதற்கான திரவம் பூசி, அதன் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்வார்கள். கையின் எண்ணெய்ப் பிசுக்கே பிடிப்பைக் கெடுக்கும். அந்தக் கறுப்பு ஓரம் அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. பசையை வெயிலின் புற ஊதாக் கதிர் தின்றுவிடாமல் காப்பது அதுதான். பிறகு துப்பாக்கியால் பசையை இடைவெளி இல்லாத ஒரே கோடாக இட்டு, சக்ஷன் கப்பில் பிடித்த கண்ணாடியை ஒரே முறையில் அமர்த்துவார்கள். யூரித்தேனுக்குப் பதில் சிலிக்கான் சீலன்ட் டியூபை எடுக்கும் இடத்தில் வண்டியைக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் ஒழுகாமல் அது காக்கும். மோதலில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தாது.

ஒட்டி முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. இந்தப் பசை பொதுவாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். சென்னை போன்ற கடலோர ஊரில் அது கொஞ்சம் வேகமாக நடக்கும். ஆனாலும் ஓட்டத் தகுந்த பிடிப்பு வருவதற்குப் பசையின் வகையைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலிருந்து பல மணி நேரம் வரை ஆகும். முழுதாக இறுக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். எவ்வளவு நேரம் என்பது அந்தப் பசைக்கான குறிப்பிலேயே இருக்கும், கேட்டால் காட்டவேண்டும். நல்ல வேலைக்காரர் தாமே சொல்வார்: “சார், இன்னைக்கு வண்டிய எடுக்காதீங்க. எடுத்தாலும் கதவ அறைஞ்சு சாத்தாதீங்க, ஒரு கண்ணாடிய கொஞ்சம் இறக்கியே வைங்க. நாளைக்கு வரைக்கும் கண்ணாடி ஓரத்து டேப்ப உரிக்க வேண்டாம்.” எல்லாக் கண்ணாடியும் ஏற்றிய காரில் கதவை அறைந்தால் உள்ளே எழும் காற்றழுத்தம் இறுகாத பசையை விளிம்பில் தூக்கிவிடும். அவர் சொல்வதைக் கேட்டு ஊர்ப் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுபவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

புதுப்பேட்டைச் சிபாரிசு முன் கண்ணாடிக்குப் பொருந்தாது. ஒட்டியிருந்ததை அறுத்து எடுக்கும்போதே விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிதைவு விழக்கூடும். வைப்பர் தேய்த்த கீறல்கள் இரவில் எதிர்வண்டியின் வெளிச்சத்தைக் கலைத்துக் கண்ணைக் கூசவைக்கும். கண்ணாடியின் மேல் நடுவில் கேமரா பொருத்திய கார்களில் இன்னொரு வேலை சேர்கிறது. தடத்தைக் கவனிக்கும் அமைப்புக்கும் முன்வண்டியைப் பார்த்து பிரேக் போடும் அமைப்புக்கும் அந்தக் கேமராதான் கண். கண்ணாடி மாறியதும் அதைத் திரும்ப அளவு சரிசெய்யவேண்டும். சிறிது கோணம் மாறினாலும் தூரத்தில் அது பெரிய பிழையாகும். அதைச் செய்யும் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது. கண்ணாடியின் விலையைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடவேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது மூலையில் இருக்கும் முத்திரை. ஐ.எஸ்.ஐ. குறியும் உற்பத்தியாளர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளி எவ்வளவு ஊடுருவவேண்டும் என்பதற்கு 100ஆவது விதியில் கணக்கு உண்டு: முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50. உச்ச நீதிமன்றம் 2012இல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடுத்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு, தரத்துக்கு உட்பட்ட பூச்சுக்கு இடம் கிடைத்தபோதும் அந்த 70, 50 மாறவில்லை. புதுக் கண்ணாடி போட்ட கையோடு “அப்படியே ஃபிலிமும் ஒட்டிடலாமா?” என்று கேட்பார்கள், இந்த எண்ணை நினைவில் வைத்துப் பதில் சொல்லவேண்டும்.

பணக் கணக்கிலும் இரண்டும் ஒன்றல்ல. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் வராது. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்கு ஒரு சலுகை இருக்கிறது: பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பவர்கள் கண்ணாடிக்கு எதுவும் கழிப்பதில்லை. கட்டாயமாக நாம் ஏற்கவேண்டிய தொகை 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. காரிலிருந்து திருடு போன மடிக்கணினிக்கு இந்தக் காப்பீடு பொறுப்பல்ல.

ஆனால் கேட்டுப் பெறுவதற்கு முன் நோ கிளெய்ம் போனஸைப் பார்க்கவேண்டும். அது ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுகிறது. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்ஜியம். சொந்தச் சேதப் பகுதிக்கு ஆண்டு பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் முதல் ஆண்டில் 5,000, பிறகு 3,000, 2,500, 1,500, 500 என்று ஐந்து ஆண்டுகளில் 12,500 ரூபாய்ச் சலுகையை இழப்பார். கதவுக் கண்ணாடிக்குக் கூலியோடு 3,000 ரூபாய் ஆகிறது என்றால் கிளெய்மில் கிடைப்பது 2,000. அதற்காக 12,500 ரூபாயை விடுவது நஷ்டம். கைக்காசு போடுவதே நல்லது. கேமராவும் மழை உணரியும் உள்ள முன் கண்ணாடிக்கு விலை பல ஆயிரங்களைத் தாண்டும். அங்கே கிளெய்ம் போடுவதற்கு நியாயம் உண்டு. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் கணக்கு மாறும். கிளெய்ம் போடுவதானால் பழைய கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் போயிருக்கவேண்டும்.

இதுவரை பேசிய பிரிவினை இப்போது கலையத் தொடங்கியிருக்கிறது. சத்தம் குறையவும், விபத்தில் ஆள் வெளியே வீசப்படாமல் இருக்கவும் கதவுகளிலும் லேமினேட்டட் கண்ணாடி வைக்கும் கார்கள் பெருகுகின்றன. அமெரிக்காவில் ஆள் வெளியே வீசப்படுவதைக் குறைக்க 2011இல் வந்த விதியும் இதற்கு ஒரு தூண்டுதல். திருடனுக்கு இது தடை. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவருக்கும் இது தடையாகிறது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2019இல் ஆறு தப்பிக்கும் கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை உடைத்து வழி உண்டாக்க ஒன்றாலும் முடியவில்லை. சுத்தியல் வகையைவிட ஸ்பிரிங் வகைக் கருவிகள் டெம்பர்டு கண்ணாடியில் நன்றாக வேலை செய்தன என்பதும் அதில் தெரியவந்தது. தண்ணீருக்குள் கையை வீசி அடிப்பது எளிதல்ல.

மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அதனால் நான்கு கதவுக் கண்ணாடிகளின் மூலையிலும் பின் கண்ணாடியிலும் எழுதியிருப்பதை இன்றே பாருங்கள். சில கார்களில் முன் கதவில் லேமினேட்டட் என்றும் பின் கதவில் டெம்பர்டு என்றும் இருக்கும். எந்தக் கதவு வழியாக வெளியேற முடியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கண்ணாடியை மாற்றும்போது முன்பு இருந்த வகையே திரும்ப வந்திருக்கிறதா என்றும் அந்த எழுத்தைப் பார்த்தே உறுதிசெய்யலாம். கார் தண்ணீரில் இறங்கினால் கதவைத் தள்ளிப் போராடாமல், தண்ணீர் கண்ணாடியின் அடிவிளிம்பைத் தொடுவதற்குள் பெல்ட்டை விடுவித்துக் கண்ணாடியை இறக்கவேண்டும். முதல் சில நொடிகளில் பவர் விண்டோ பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாவிட்டால் டெம்பர்டு கண்ணாடியின் நடுவை விட்டு ஓரத்து மூலையில் கருவியை வைத்து அழுத்தவேண்டும். அந்தக் கருவி டிக்கியிலோ மூடிய பெட்டியிலோ இருந்து பயனில்லை. பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் அதை மாட்டி வைக்கவேண்டும்.